ஐகிரவுண்டிலிருந்து ஆற்றங்கரை வரை: அயல்நாட்டிலிருந்து மருத்துவப் பயிற்சிக்கு வந்தவருக்கு ஒரு வார இறுதி

மலேசியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும், சில வேளைகளில் இங்கிலாந்திலிருந்தும், நான்கு வாரமோ ஆறு வாரமோ மருத்துவப் பயிற்சிக்காகப் பாளையங்கோட்டைக்கு வரும் தமிழ் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்திருந்தாலும் திருநெல்வேலி அவர்களுக்கு அயல்நகரமே. தெருவின் போக்கும், வெயிலின் கடுமையும், பேச்சின் சாயலும், கடை திறக்கும் நேரமும் அவர்கள் அறிந்த ஊர்களிலிருந்து வேறுபட்டவை. நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலம் தொட்டு இப்படி வந்த பலருக்கு ஊரைச் சுற்றிக் காட்டியிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலானவர்கள் முதல் வார இறுதியிலேயே வாடகைக் காரை அமர்த்திக்கொண்டு, கன்னியாகுமரியில் சூரியோதயம், திருச்செந்தூரில் கடல், குற்றாலத்தில் குளியல் என்று இரண்டே நாளில் மூன்று மாவட்டங்களைத் தாண்டி ஓடிவிட்டு, திங்கட்கிழமை காலையில் கண் சிவந்து வார்டுக்கு வந்து நிற்பார்கள். அன்று எதிரே படுத்திருக்கும் நோயாளி சேரன்மகாதேவி என்று சொன்னால், அது எந்தத் திசையில் இருக்கிறது என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ஆகவே நான் சொல்லும் வழி சற்று வேறானது. ஓ.பி. சீட்டில் நோயாளியின் பெயருக்குக் கீழே ஊர்ப்பெயர் எழுதப்பட்டிருக்கும். முதல் வாரம் முழுவதும் அந்த ஊர்ப்பெயர்களை மட்டும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். நோயாளியின் பெயரோ, வயதோ, நோயோ அந்த ஏட்டில் இடம்பெறக் கூடாது. அவை மருத்துவமனைக்குள் இருக்க வேண்டியவை. வெள்ளிக்கிழமை இரவு ஏட்டையும் ஒரு வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பத்தமடை, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம் என்று பாதிக்கும் மேற்பட்ட ஊர்கள் ஒரே கோட்டை ஒட்டிக் கிடப்பது தெரியும். அந்தக் கோடுதான் தாமிரபரணி. பொதிகை மலையில் பிறந்து, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் இந்த ஆற்றைப் பற்றிக்கொண்டு நடந்தால், இரண்டு நாள் பொழுதும் வீணாகாது, திங்கட்கிழமை வார்டும் அந்நியமாகத் தோன்றாது.

புறப்படுவதற்கு முன்

முதலில் உங்கள் வார இறுதி எப்போது தொடங்குகிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் சனிக்கிழமை காலையிலும் வெளிநோயாளர் பிரிவு இயங்கும். உங்கள் பிரிவுக்கு அன்று அட்மிஷன் நாளாக, அதாவது புதிய நோயாளிகளை வார்டில் சேர்க்கும் முறையாக, அமைந்துவிட்டால் சனிக்கிழமையே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். பொதுவாகக் கையில் கிடைப்பது சனிக்கிழமை மதியத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை இரவு வரையிலான ஒன்றரை நாள். அதற்கு ஏற்பத் திட்டமிடுவதே அறிவுடைமை.

கடவுச்சீட்டின் படி, விசாப் பக்கத்தின் படி, கல்லூரி தந்த அனுமதிக் கடிதத்தின் படி ஆகிய மூன்றும் பையில் இருக்கட்டும். வெளியூரில் இரவு தங்க நினைத்தால் இவை கட்டாயம் தேவைப்படும். அயல்நாட்டவருக்கு அறை தரும் விடுதி, அந்த விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இந்த வேலைக்கு அஞ்சியே சிறிய லாட்ஜுகள் பல, அறை காலியாக இருந்தும் இல்லை என்று சொல்லிவிடும். உங்கள் தமிழைக் கேட்டு உள்ளூர்க்காரர் என்று நினைத்துச் சாவியை நீட்டுபவரிடம் நீங்களாகவே கடவுச்சீட்டை எடுத்துக் காட்டுங்கள். நள்ளிரவில் விசாரணை வருவதைவிட அது மேல். என் யோசனையைக் கேட்டால், முதல் இரண்டு வார இறுதிகளில் வெளியே தங்கவே வேண்டாம். நான் கீழே சொல்பவை அனைத்தும் நீங்கள் தங்கியிருக்கும் விடுதியிலிருந்து காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பக்கூடியவை.

பெட்டிக்கடை வரையில் எல்லோரும் கைப்பேசியைக் காட்டித்தான் பணம் கொடுக்கிறார்கள். உள்ளூர் வங்கிக் கணக்கு இல்லாத உங்களுக்கு அது எளிதில் அமையாது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். காலை முதல் நடையில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் நடத்துநர் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் கிடையாது.

ஆட்டோக்காரரிடமும் நடத்துநரிடமும் ஊரின் பகுதிகளை அவர்கள் வழங்கும் பெயரிலேயே சொல்லுங்கள். ஆற்றுக்குக் கிழக்கே இருப்பது பாளை. மேற்கே ரயில் நிலையம் இருப்பது ஜங்ஷன். அதற்கும் மேற்கே நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியிருப்பது டவுன். மருத்துவக் கல்லூரி 1965ஆம் ஆண்டு முதல் இயங்கும் பகுதி ஐகிரவுண்டு. வெளியூர்ப் பேருந்துகள் புறப்படும் புதிய பேருந்து நிலையம் வேய்ந்தான்குளத்தில் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஜங்ஷனில் போய் நின்றுகொண்டு திருச்செந்தூர்ப் பேருந்துக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தவர்களை நான் அறிவேன்.

சனிக்கிழமை: வெயில் சாய்ந்த பிறகு

சனிக்கிழமை மதியம் வார்டிலிருந்து வெளியே வந்த வேகத்தில் ஊர் பார்க்கக் கிளம்பாதீர்கள். நண்பகலுக்கும் நான்கு மணிக்கும் இடையில் இந்த ஊர் தன்னைத்தானே மூடிக்கொள்ளும். கோயில் நடை சாத்தப்படும், கடைக்காரர் கண்ணயர்வார், தெருவில் நிழல் இருக்காது. இதை நான் அனுபவித்தே கற்றுக்கொண்டேன். ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை, பினாங்கிலிருந்து வந்திருந்த மாணவரை நெல்லையப்பர் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை தாண்டியிருந்தது. நடை சாத்தும் நேரம் என்று விரட்ட, வெளிப் பிரகாரத்தின் கருங்கல் தளத்தில் இருவரும் வெறுங்காலோடு ஓடினோம். மறுநாள் வார்டில் அவர் நொண்டி நொண்டி நடப்பதைக் கண்ட செவிலியக்கா, உள்ளங்காலில் இருந்த கொப்புளங்களைப் பார்த்துவிட்டு, அவரை விட்டுவிட்டு என்னைத்தான் ஏசினார். குற்றம் முழுவதும் என்னுடையது. எனவே மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். மூன்றரைக்கு எழுந்து, தலைக்குத் துணியும் கையில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு டவுனுக்குப் பேருந்து ஏறுங்கள்.

ஜங்ஷனைத் தாண்டும்போது ரயில் தண்டவாளத்துக்கு மேலே ஈரடுக்கு மேம்பாலம் வரும். பேருந்து மேலே போகும்போது கீழடுக்கில் சைக்கிள்காரர்கள் போவதை எட்டிப் பார்க்கலாம். டவுனில் இறங்கினால் நெல்லையப்பர்–காந்திமதியம்மன் கோயில். அப்பனுக்கும் அம்மைக்கும் தனித்தனியாக எழுந்த இரண்டு கோயில்களை 1647இல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டிய சங்கிலி மண்டபம் ஒன்றாக இணைக்கிறது. நடராசர் ஆடிய ஐந்து சபைகளுள் தாமிர சபை இங்கே இருக்கிறது. மரத்தில் செதுக்கிய அதன் வேலைப்பாட்டைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். மணிமண்டபத்தில், ஒரே கல்லில் குடைந்த சிறு தூண்கள் தட்டினால் வெவ்வேறு சுரம் எழுப்பும் இசைத்தூண்கள் உள்ளன. நோயாளியின் நெஞ்சை விரலால் தட்டி ஒலியைக் கேட்கப் பழகிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இங்கே கை தானாக எழும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள், நூற்றாண்டுகளாகத் தட்டித் தட்டியே அந்தக் கல் தேய்ந்திருக்கிறது. சில கோயில்களில் பிற சமயத்தவர் எதுவரை செல்லலாம் என்று பலகை வைத்திருப்பார்கள். அதைப் படித்துவிட்டு உள்ளே போவது நல்லது.

கோயிலை விட்டு வெளியே வரும்போது ஐந்தரையாகியிருந்தால் கணக்குச் சரி. கீழ ரத வீதியில் பெயர்ப் பலகை தேடாமலேயே, கூட்டத்தை வைத்தே இருட்டுக்கடையைக் கண்டுகொள்ளலாம். மாலையில் திறந்து, கிண்டியது தீர்ந்ததும் மூடிவிடும் கடை அது. கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டுவதே திருநெல்வேலி அல்வா. அந்தப் பதத்துக்குத் தாமிரபரணித் தண்ணீரே காரணம் என்று ஊரார் உறுதியாகச் சொல்வார்கள். இதற்கு ஆய்வுச் சான்று கேட்டு வாதிடாமல், சூடாக ஒரு துண்டை வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுங்கள். பிறகு கொஞ்சம் மிக்சர் கொறிப்பது இங்கத்திய வழக்கம். தித்திப்பு நாக்கில் தங்காது. வார்டில் உள்ள செவிலியர்களுக்கு அரைக் கிலோ தனியாகக் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். திங்கள் வரை கெடாது. அதனால் உங்களுக்குக் கிடைக்கும் நன்மைகளை நான் விளக்க வேண்டியதில்லை.

திரும்பும்போது ஜங்ஷனில் இறங்கி, வண்ணாரப்பேட்டை வரை சுலோச்சன முதலியார் பாலத்தின் மேல் நடந்து வாருங்கள். திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் இந்தப் பாலம் 1843இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு ஆற்றைக் கடக்கப் படகுதான். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த சுலோச்சன முதலியார், பாலத்துக்கான செலவைத் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார். அந்திப் பொழுதில் பாலத்தின் நடுவில் நின்று மேற்கே பார்த்தால், ஆற்றின் பின்னால் மலைத்தொடர் கருநீலமாகத் தெரியும். நாளைக்கு நீங்கள் மேற்கே போவதா கிழக்கே போவதா என்பதை அங்கே நின்று முடிவு செய்யலாம்.

ஞாயிற்றுக்கிழமை: மேற்கா, கிழக்கா

இரண்டையும் ஒரே நாளில் செய்ய முயலாதீர்கள். ஏட்டில் எந்தப் பக்கத்து ஊர்கள் அதிகமாக இருக்கின்றனவோ அந்தப் பக்கத்தை முதலில் தேர்ந்தெடுங்கள்.

மேற்கே போவதானால் காலை ஏழு மணிக்குள் புதிய பேருந்து நிலையத்தில் பாபநாசம் பேருந்தில் ஏறி, பத்தமடையில் இறங்குங்கள். ஆற்றங்கரையில் விளையும் கோரையை அறுத்து, கீறி, ஓடும் நீரில் ஊறவைத்து, மீண்டும் மெல்லியதாகக் கீறி நெய்யும் பத்தமடைப் பாயைப் பட்டுத்துணி போல மடித்து வைக்கலாம். நெய்பவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்கள். தரையை ஒட்டிப் பாவு கட்டி, அதன்மேல் குந்தி அமர்ந்து மணிக்கணக்கில் வேலை செய்வார்கள். நெசவைப் பார்க்க விரும்பினால் கூட்டுறவுச் சங்கத்தையோ பாய்க் கடையையோ கேட்டு, அவர்கள் வழியாகப் போங்கள். திறந்த கதவைக் கண்டதும் உள்ளே எட்டிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் கூடாது. சிறிய பாயாக ஒன்று வாங்கி வந்தவருக்கு நெய்யும் முறையை மகிழ்ச்சியோடு காட்டுவார்கள்.

மலேசியாவிலிருந்து வந்தவர்கள் பத்தமடையில் நினைத்துக்கொள்ள வேண்டியவர் ஒருவர் உண்டு. பின்னாளில் ரிஷிகேசத்தில் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவிய சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்த ஊர் இது. துறவு பூணுவதற்கு முன் அவர் மருத்துவர்; 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறி, சிரம்பான் பகுதியில் தோட்ட மருத்துவமனையில் பணியாற்றி, 1923இல் நாடு திரும்பினார். நூறாண்டுக்கு முன் இங்கிருந்து அங்கே மருத்துவம் பார்க்கப் போனவர் நடந்த தெருவில், அங்கிருந்து இங்கே மருத்துவம் கற்க வந்த நீங்கள் நடக்கிறீர்கள்.

பத்தமடையிலிருந்து அதே தடத்தில் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஊர்கள் வரிசையாக வரும். ஜன்னலோரம் அமர்ந்து வருபவருக்கு ஒருபுறம் வாய்க்காலும் வயலும், மறுபுறம் மெல்ல மெல்ல நெருங்கி வரும் மலையும் துணை. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. பாபநாசத்தில் சிவன் கோயிலை ஒட்டிய படித்துறையும், சற்று மேலே அகத்தியர் அருவியும் இருக்கின்றன. அருவிப் பகுதி, 1988இல் அமைக்கப்பட்ட களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் எல்லையில் வருவதால் வனத்துறைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்ட வேண்டும். பிளாஸ்டிக் பொருட்களை விடமாட்டார்கள். மாலைக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். படித்துறையில் பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகும் பழக்கம் இருக்கிறது. கீழே உள்ள அத்தனை ஊர்களும் குடிக்கும் தண்ணீர் இது என்பதை நினைவில் கொண்டு, யார் வற்புறுத்தினாலும் அதைச் செய்யாதீர்கள்.

திரும்பும்போது அம்பாசமுத்திரத்தில் ரயில் ஏறலாம். செங்கோட்டை–திருநெல்வேலிப் பாதையில் ஓடும் பாசஞ்சர் ரயில் சிறு நிலையங்களில் எல்லாம் நின்று நின்று போகும். கல்லிடைக்குறிச்சி, காருக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று நிலையத்துக்கு நிலையம் ஏறி இறங்கும் மக்களைப் பாருங்கள். காலையில் பேருந்து ஜன்னல் வழியே கடந்த ஊர்கள் மாலையில் ஆட்களாக உங்கள் எதிரே வந்து உட்காருவார்கள்.

கிழக்கே போவதானால் திருச்செந்தூர்ப் பேருந்து. பதின்மூன்று கிலோமீட்டரில் கிருஷ்ணாபுரம். வெங்கடாசலபதி கோயில் மண்டபத்தில் நாயக்கர் காலச் சிற்பங்கள் ஆளுயரத்துக்கு நிற்கின்றன. உடற்கூற்றியல் படித்தவர் அவற்றின் முன் நின்றால் எளிதில் நகர மாட்டார்: எடை தாங்கும் காலில் திரண்ட தசை, முன்கையில் புடைத்த நரம்பு, விரல்நகம் வரையில் செதுக்கியிருக்கிறார்கள். காலையில் போனால் வெளிச்சம் நன்றாக விழும்.

அதே சாலையில் மேலும் கிழக்கே ஆதிச்சநல்லூர். இதற்கு நான் மற்ற இடங்களைவிட அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். 1876இல் ஜெர்மானியரான யாகோர் பறம்பு எனப்படும் இங்குள்ள மேட்டு நிலத்தைத் தோண்டினார். அவருக்குப் பின் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டி, முதுமக்கள் தாழிகளையும், இரும்புக் கருவிகளையும், வெண்கலப் பொருட்களையும், நெற்றியில் கட்டும் பொற்பட்டங்களையும் எடுத்தார். தாழிகளில் கிடைத்த மண்டையோடுகளைச் சுக்கர்மன் என்னும் உடற்கூற்றியலாளர் அளந்து ஆராய்ந்து 1930இல் அறிக்கை வெளியிட்டார். மனித எலும்பிலிருந்து இனத்தைப் படித்துவிடலாம் என்று நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையின் வலிமையையும் பலவீனத்தையும் எண்ணிப் பார்க்க மருத்துவ மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. அகழாய்வுக் குழியைக் குழியாகவே விட்டு, மேலே கண்ணாடித் தளம் அமைத்த தள அருங்காட்சியகம் 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தாழிகள் புதைந்த நிலையிலேயே காலடியில் தெரியும். பறம்பில் மரநிழல் குறைவு; குடையோ தொப்பியோ இல்லாமல் போகாதீர்கள். நேரம் மிஞ்சினால் ஆழ்வார்திருநகரி வரை போய், நம்மாழ்வாரோடு இணைத்துப் போற்றப்படும் புளியமரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

குற்றாலத்தைப் பற்றியும் வெள்ளத்தைப் பற்றியும்

குற்றாலத்தை விட்டுவிட்டாயே என்று கேட்பீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலத்தில் அது அழகுதான். ஆனால் அந்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமையில் அருவியைவிட மனிதத் தலைகளையே அதிகம் பார்ப்பீர்கள். வார நாளில் ஒரு விடுப்புக் கிடைத்தால் போங்கள். மழை வலுத்தால் குளிக்கத் தடை விதித்துக் காவலர்கள் வழியை மறிப்பார்கள், அதை மீறாதீர்கள். மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்று உயிரைப் பறித்தது. தடை விதிக்கப்பட்ட நாளில் போய்ச் சேர்ந்திருந்தால், ஐந்து சபைகளுள் மற்றொன்றான சித்திர சபை அங்கேதான் இருக்கிறது. அதன் சுவரோவியங்களுக்கு ஒரு மணி நேரம் கொடுக்கலாம், கூட்டமும் இருக்காது.

ஆற்றில் குளிப்பதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எந்தத் துறையில் இறங்கலாம் என்று அங்கே துணி துவைக்கும் பெண்களைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். பாறை இடுக்கும் மணல் அள்ளிய பள்ளமும் புதியவருக்குத் தெரியாது. காலில் வெட்டோ புண்ணோ இருந்தால் இறங்காதீர்கள், குறிப்பாக மழைக்காலத்தில். எலிக்காய்ச்சல் எவ்வழி வரும் என்பதை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது ஆறு பெருக்கெடுத்து ஜங்ஷன் வரை தண்ணீர் நின்றது. ஆற்றுக்குள்ளேயே நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயில், வெள்ளம் வரும்போதெல்லாம் மூழ்கி எழும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பயிற்சிக்கு வந்தவர்கள், கிளம்பும் முன் அந்தக் கோயிலில் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று விடுதிக் காவலரைக் கேட்டாலே அன்றைய ஆற்றின் நிலை தெரிந்துவிடும்.

பேச்சு, விளிக்கும் முறை

வயதில் மூத்த ஆணை இங்கே அண்ணாச்சி என்று அழைப்பார்கள். பேருந்து நடத்துநர், மளிகைக் கடைக்காரர், வார்டு ஊழியர் எல்லோருக்கும் அது பொருந்தும். மூத்த பெண்களை அக்கா என்றும், முதியவர்களை ஆச்சி என்றும் அழையுங்கள். ஏலே, ஏட்டி என்பவை நெருங்கியவர்களுக்குள் வழங்குபவை. கேட்க இனிமையாக இருக்கிறதே என்று நீங்களாக எடுத்து வழங்கினால் விபரீதமாகும். வழி கேட்டால் இடம், வலம் என்று சொல்ல மாட்டார்கள். தெக்க போய் மேக்க திரும்பு என்பார்கள். காலையிலேயே சூரியன் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வது நலம்.

தேநீர்க் கடை பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் வார்டுக்குத் தேவையான சொற்கள் காதில் விழும். மேலுக்கு முடியவில்லை என்றால் உடல்நலம் இல்லை என்று பொருள். கிறக்கம் என்பது தலைச்சுற்றல். ஓங்கரிப்பு என்பது வாந்தி வருவது போன்ற குமட்டல். வாந்தியே வந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். வவுறு என்றால் வயிறு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் சாப்பாட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இங்கே சொதி என்பது பாசிப்பருப்பும் காய்கறிகளும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கெட்டியான விருந்துக் குழம்பு, மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு உரியது. உங்கள் வீட்டுச் சொதியை எதிர்பார்த்து வாங்கினால் வியப்படைவீர்கள், ஆனால் வருந்தமாட்டீர்கள்.

நீங்கள் மருத்துவம் படிப்பவர் என்று தெரிந்தவுடன் அந்தப் பெஞ்சிலேயே ஒருவர் வேட்டியைத் தூக்கி முழங்காலைக் காட்டுவார். இன்னொருவர் சர்க்கரை அளவுச் சீட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுப்பார். நீங்கள் இங்கே பார்த்துக் கற்க வந்தவர். மருந்து சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. அதற்காக விலகி ஓடவும் வேண்டாம். கேட்டுக்கொண்டு, எந்த நாளில் எந்தப் பிரிவுக்கு வரலாம் என்று மட்டும் சொல்லுங்கள். அதே போல, வார்டில் கண்ட நோயாளியை அவர் ஊர்க் கடைத்தெருவில் காண நேர்ந்தால், அவராக வந்து பேசினால் பேசுங்கள். உடல்நலம் எப்படி என்று நாலு பேர் முன்னால் நீங்கள் கேட்பது, அவர் வீட்டுக்கே சொல்லாத ஒன்றைத் தெருவுக்குச் சொல்வதாக முடியலாம். ஊர்ப்பெயரை எழுதச் சொன்னேனே தவிர, வீட்டைத் தேடிப் போகச் சொல்லவில்லை.

பூர்வீக ஊரைத் தேடுகிறவர்களுக்கு

தாத்தாவின் ஊரைப் பார்க்க வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். முதல் வார இறுதியில் அதைச் செய்யாதீர்கள். விசாரணையை மட்டும் தொடங்குங்கள். பழைய பத்திரத்தில் திருநெல்வேலி ஜில்லா என்று இருப்பதை வைத்து இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் தேடினால் கிடைக்காமல் போகலாம். 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது வடக்குப் பகுதிகள் அதற்குப் போயின. 1986இல் தூத்துக்குடியும், 2019இல் தென்காசியும் பிரிந்தன. புதூர், புதுக்குடி, புதுக்குளம் என்று ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. எனவே ஊர்ப்பெயரோடு தாலுகா, பக்கத்து ஊர், குலதெய்வக் கோயில் ஆகிய மூன்றில் ஒன்றையாவது வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குலதெய்வக் கோயிலின் பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் போனதும் எந்தத் தெரு என்று கேட்பார்கள். முகவரி அறிவதற்காக அல்ல, சாதி அறிவதற்காகவே பெரும்பாலும் அந்தக் கேள்வி வருகிறது. அயல்நாட்டில் வளர்ந்த உங்களுக்கு இது புரியாமல் போகலாம், அல்லது புரிந்து மனம் கசக்கலாம். தாத்தாவின் பெயரையும் அவர் கப்பலேறிய ஆண்டையும் மட்டும் சொல்லி, மற்றது தெரியாது என்று சொல்லிவிடுங்கள். இந்தப் பயணத்துக்குத் தனியாகப் போகாமல், உள்ளூர் வகுப்புத் தோழர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

விடுதிக்குத் திரும்பிய இரவு, செருப்பைக் கழற்றும் முன் ஏட்டைத் திறந்து, போய் வந்த ஊர்களின் பெயருக்கு எதிரே அங்கே கண்ட தொழிலை எழுதி வையுங்கள்: பத்தமடைக்கு எதிரே பாய், காருக்குறிச்சிக்கு எதிரே மண்பாண்டம், முக்கூடலுக்கு எதிரே பீடி. அந்தப் பக்கத்துத் திண்ணைகளில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு குனிந்தபடி பீடி சுற்றும் பெண்களைக் கண்டிருப்பீர்கள். திங்கட்கிழமை காலையில் கழுத்து வலி, கை விரல் மரத்துப்போகிறது என்று ஒரு பெண் வந்து, தொழில் என்ற இடத்தில் வீட்டுவேலை என்று எழுதிய சீட்டை நீட்டுவார். ஊர் எது என்று பாருங்கள். பிறகு, ஒரு நாளைக்கு எத்தனை பீடி சுற்றுவீர்கள் அக்கா என்று கேளுங்கள்.